ஒரு சைஸ் பெருசா எடுங்க

வேண்டாங்க அம்மணி, அதைக் கீழ வெச்சுப்போடுங்க. அது உங்க புள்ளைக்குப் பெருசு. வளர்ற புள்ளதான், நான் இல்லேங்கல. ஆறு மாசத்துல பத்தாமப் போயிரும்னு நீங்க யோசிக்கறதும் எனக்குத் தெரியுது. இந்தக் கவுண்டருக்கு வர்ற அம்மா அப்பன் எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. ஆனா செவுரு ஏறற ஷூவுக்கு அது ஆகாதுங்க. வளரப்போற காலுக்கு வாங்கக் கூடாது. இன்னிக்கு இருக்கற காலுக்குத்தான் வாங்கோணும்.

இங்க வா கண்ணு. பேரென்ன? மிதுனாவா? ஒக்காரு. இத மாட்டு, முப்பத்தஞ்சு. வெரலு முன்னால போயி முட்டுதா? முட்டோணும். வலிக்குதா? வலிச்சா மட்டும் சொல்லு. குதிகால்ல எடம் இருக்குதா? இல்ல. அவ்வளவுதான், இதுதான் உன்ற அளவு. நடக்கச் சிரமமாத்தான் இருக்கும். இது நடக்கறதுக்கு இல்ல சாமி, செவுத்துல பதிச்ச சுண்டுவெரல் தண்டிக் கல்லு மேல நுனிக்கால ஊனி நிக்கறதுக்கு. இடுப்புல மாட்டற இந்த வாருக்குப் பேரு ஹார்னெஸ். எலும்புக்கு மேல நிக்கோணும், ரெண்டு வெரலு நொழையற அளவுக்கு இறுக்கோணும். சட்டைய உள்ள திணிச்சுக்க. நல்லாத் திணி. இன்னும். கழுத்துச் சங்கிலி, வளையலு எல்லாத்தையும் கழட்டி அம்மாகிட்டக் குடு. முடிய இறுக்கிக் கட்டு. ம், போ. அக்கட்டால மாஸ்டர் நிக்கறாரு பாரு, அவரு கயிறு கட்டி உடுவாரு.

நீங்க இப்பிடி ஒக்காருங்க அம்மணி. இங்கிருந்தே பாக்கலாம்.

எனக்கெப்பிடி இதெல்லாம் தெரியும்னு கேக்கறீங்களா? கேட்டா சிரிப்பீங்க. நான் இருவத்தேழு வருசம் ஜவுளிக்கடையில இருந்தவனுங்க. ரெடிமேடு செக்‌ஷன், ரெண்டாவது மாடி. டேப்பே எடுக்க மாட்டேன். ஆளு படியேறி வர்றப்பவே இடுப்பு முப்பத்திநாலு, பேண்டு நீளம் நாப்பதுன்னு சொல்லிப்போடுவேன். சந்தேகப்பட்டு டேப்புப் புடிச்சுப் பாத்தவங்களும் கடைசியில நான் சொன்னதையேதான் எடுப்பாங்க. கொழந்தைக துணின்னா, அவங்க கேக்கறதுக்கு முந்தியே நானே சொல்வேன். "வளர்ற புள்ளைங்க, ஒரு சைஸ் பெருசா எடுங்க." அதக் கேட்டா சனங்களுக்கு ஒரு நிம்மதி. இந்தத் தீவாளிக்கு எடுத்தது அடுத்த தீவாளிக்கும் ஆகுமில்ல? நாச்சிமுத்து அண்ணன் சொன்னாச் சரியா இருக்கும்னு ஒரு பேரு இருந்துச்சுங்க எனக்கு.

என்ற புள்ளைக்கும் அப்பிடித்தான் எடுத்தேன். தாரணின்னு பேரு. ஒரே புள்ள. யூனிபாரம், செருப்பு, காதுகுத்துக்கு எடுத்த பட்டுப்பாவாடை, எல்லாமே ஒரு சைஸ் பெருசு. கைய மடிச்சு உடறது, இடுப்புல ஊக்கு குத்தறது. அவ அளவாத் துணி போட்டு நான் பாத்ததே இல்லீங்க.

அவ என்கிட்டப் பேசி மூணு வருசமாச்சு.

இல்லீங்க, சொல்றதுக்கென்ன. எல்லார்கிட்டயும் சொல்றதில்ல. நீங்க அந்தப் பெரிய ஷூவ எடுத்தீங்க பாருங்க, அதனால சொல்றேன்.

காலேஜு ரெண்டாவது வருசம் படிக்கறப்ப சிநேகிதப்புள்ள ஒருத்தி இங்க கூட்டிட்டு வந்திருக்கறா. அன்னிக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வந்தாளுங்க பாருங்க, கையெல்லாம் வழுக்காம இருக்கத் தடவற வெள்ளைப்பொடி, உள்ளங்கையில தோலு உரிஞ்சு கெடக்குது, மூஞ்சி மட்டும் அப்பிடிப் பிரகாசமா இருக்குது. "அப்பா, நான் செவுரு ஏறுனேன்"ங்கறா. சின்னதுல மொதமொத சைக்கிள் ஓட்டுனப்ப அந்த மூஞ்சியப் பாத்தது. நான் வேண்டாம்னு சொல்லலீங்க. எங்க சொந்தக்காரங்க எத்தன பேரு பொட்டப்புள்ளைக்கு இதெதுக்குன்னு கேட்டாங்க தெரியுமா? நான் உட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். போடற துணி, ஷூவு, சாமான் எல்லாத்தையும் நாந்தான் பாத்து எடுத்துக் குடுப்பேன். இதுல என்னங்க தப்பு?

இந்தக் கவுண்டருக்குத்தான் வந்தேன். அப்ப இங்க வேற பையன் இருந்தான். காலுக்கு இறுக்கமா எடுக்கோணும் சார்னு சொன்னான். நான் சிரிச்சேன். ஏண்டா தம்பி, இருவத்தஞ்சு வருசமாச் சனத்துக்கு அளவு சொன்னவன்கிட்டயே அளவு சொல்றயான்னு கேட்டேன். பாவம், அவன் நான் கேட்டதையே எடுத்துக் குடுத்தான். என்ற கண்ணுக்கு அவ காலு முப்பத்தேழு. ஒரு சைஸ் பெருசா முப்பத்தெட்டு வாங்கினேன். அப்பறம் துணி. இங்க ஏறறதுகளப் பாக்கறீங்கல்ல, எல்லாம் ஒடம்போட ஒட்டின மாதிரிப் போட்டிருக்குதுக. எனக்கு அது ஒப்பல. எங்க கடையில இருந்தே டீ சர்ட்டு எடுத்துட்டு வந்தேன், எல் சைஸு, முக்காத்தொடை வரைக்கும் வரும். கீழ தொளதொளன்னு ஒரு ட்ராக் பேண்டு.

"சரிங்ப்பா"ன்னு வாங்கிக்கிட்டா. அவ்வளவுதான். ஒரு வார்த்த வேண்டாம்னு சொல்லலீங்க. இப்ப நினைச்சாலும் எனக்கு அதுதான் ஆத்தாமை. புடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன புலியா, கரடியா?

ரெண்டு வருசம் ஏறினாளுங்க. அதோ அந்த மஞ்சக் கல்லு செவுரு இருக்குதுல்ல, கடைசியில முன்னால சாஞ்சு நிக்கும். அதுல ஏறின மொதப் பொண்ணு அவதானாம். எனக்கு இங்க வேலைக்கு வந்த பொறவுதான் தெரியும். வீட்டுல சொன்னாளோ என்னமோ, எனக்கு ஞாபகமில்ல.

பொறவு ஒரு தை மாசம், வெளிய பாறைக்குப் போறோம்னு வந்து நின்னா. பாலக்காட்டு ரோட்டுல போயி உள்ள திரும்புனா ஒரு கரடு இருக்குதுங்க, மொட்டப் பாறை. பதினஞ்சு பேரு, ஒரு வேனு. நானும் வாரேன்னு சொல்லிப்போட்டேன். பின்ன, தனியா உடறதுக்கா? அவ மூஞ்சி சுண்டிப் போச்சு. ஆனா சரின்னுதான் சொன்னா.

நான் சும்மா போகலீங்க. தண்ணிக்கேனு, குளுகோஸு, துண்டு, தேங்காயெண்ணெய், எல்லாம் கட்டிக்கிட்டுத்தான் போனேன். அங்க ஜோயல்னு ஒரு பையன், அவந்தான் எல்லாருக்கும் கயிறு போடறவன். ஊட்டிப் பக்கம். நல்ல வெவரமானவன், அத நான் இல்லேங்கல. எல்லாருக்கும் ஹெல்மெட்டு மாட்டி உட்டான். பாறையில அது கட்டாயங்க, மேல இருந்து கூழாங்கல்லு உழுந்தாலே மண்டை போயிரும். தாரணியோடத நானே தட்டிப் பாத்தேன். அவ சட்டைய ஹார்னெஸுக்குள்ள திணிச்சுக்கிட்டிருந்தா. எல்லாரும் அப்பிடித்தான் திணிச்சுக்கிட்டாங்க.

ஏறினாளுங்க அம்மணி. நான் கண்ணால பாத்தேன். அறுவதடி இருக்கும். பல்லி கூட ஏறாத பாறை, அதுல எங்க கை வெக்கறா, எங்க காலு வெக்கறான்னு கீழ நிக்கற எனக்குத் தெரியல. ஒரு எடத்துல காலு வழுக்குச்சு. ஷூவுக்குள்ளயே காலு திரும்பிக்கிச்சுன்னு பக்கத்துல நின்ன புள்ள சொன்னா. எப்பிடியோ சமாளிச்சுப் போயிட்டா. மேல ஏறி நின்னு, ரெண்டு கையையும் தூக்கி, அத்தன பேருக்கும் கேக்கற மாதிரிக் கூப்பிட்டா. "அப்பா!"

அந்தக் கொரலு இப்பவும் கேக்குதுங்க எனக்கு.

நான் அண்ணாந்து பாத்தேன். வெயிலு. கைய மேல தூக்குனதுல, திணிச்ச சட்டை ஒரு பக்கம் கழண்டு ஏறிக்கிட்டு, வயிறு தெரியுது. கீழ நாலஞ்சு பேரு போனு வெச்சுப் படம் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. ஆடு மேய்க்கற ஆளுக ரெண்டு பேரு வேற. எந்த அப்பனா இருந்தாலும் சொல்லத்தான் சொல்வான். "சட்டைய வெளிய எடுத்து உடு கண்ணு!"ன்னு கத்துனேன். அவ கைய இறக்கிட்டா. பொறவு மிச்சம் திணிச்சிருந்த சட்டையையும் உருவி வெளிய உட்டா. என்ற புள்ள அப்பிடிங்க. அறுவதடி ஒசரத்துல நின்னாலும் அப்பஞ்சொல்லத் தட்ட மாட்டா.

அப்பறம் இறங்கோணும். மேல இருந்து கயித்துல தொங்கிக்கிட்டு அவங்கவங்களே இறங்கி வரோணும். இடுப்பு வார்ல ஒரு இரும்புச் சாமான் மாட்டியிருப்பாங்க, அதுக்குள்ளதான் கயிறு ஓடும். பாதித் தூரம் வந்திருப்பா. சட்டைத் தொங்கல் கயித்தோட சேந்து அந்த இரும்புக்குள்ள போயிருச்சுங்க. இழுக்க இழுக்க உள்ள போகுது. ஒடம்பு பாரம் பூரா அதுலதான், உருவவும் முடியல, இறங்கவும் முடியல. துணி இறுகி நெஞ்ச அமுக்கி மூச்சு முட்டுது அவளுக்கு. பெரிய சட்டை பாருங்க, உள்ள போறதுக்குத் துணி இருந்துக்கிட்டே இருக்குது. நான் கீழ நின்னு கத்தறேன். என்ன கத்தினேன்னு தெரியல.

அந்த ஜோயலு இன்னொரு கயித்துல இறங்கி அவ பக்கத்துல வந்தான். இடுப்புல இருந்து கத்திய எடுத்தான். கயித்துக்குப் பக்கத்துலயே கத்திங்க! வெரக்கடை தள்ளியிருந்தா என்ற புள்ள போயிருப்பா. சட்டைய நெஞ்சு வரைக்கும் அறுத்து உட்டான். அவன் கையிலயும் கிழிச்சு ரத்தம். அவளப் புடிச்சுக்கிட்டே கீழ வரைக்கும் வந்தான்.

வந்து நின்னா. சட்டை ரெண்டாப் பொளந்து தொங்குது, உள்ள பாடி மட்டுந்தான். பதினஞ்சு பேரு நிக்கறாங்க. நான் ஓடிப்போயித் துண்டப் போத்தினேன். போத்திப்போட்டு, திரும்பி அந்தப் பையன் கன்னத்துல ஒண்ணு உட்டேன். ஆமாங்க, அறைஞ்சேன். பொட்டப்புள்ள சட்டைய அறுக்கறதுக்கு நீ யாருடான்னு கேட்டேன். அவகிட்டயும் ரெண்டு வார்த்த சொன்னேன்.

என்னமோ சொன்னேங்க. அத உடுங்க.

அப்பத்தான் அவ குனிஞ்சா. ஹார்னெஸக் கழட்டி ஜோயல்கிட்டக் குடுத்தா. ரெண்டு ஷூவையும் கழட்டினா. ஜோடி சேத்து என்ற காலுக்கு முன்னால வெச்சா. வெறுங்காலோட, அந்தக் கொதிக்கற பாறையில நடந்து போயி வேன்ல ஏறிக்கிட்டா. அதோட சரி. வீட்டுக்கு வரல. சிநேகிதப்புள்ள வீட்டுல தங்கிப் பரீட்ச எழுதினா, பெங்களூருல வேலை கெடைச்சுது, போயிட்டா. அங்கயும் இதே மாதிரி ஒரு செவுரு இருக்குதாம். பொட்டப்புள்ளைகளுக்கு மாஸ்டரா இருக்கறா. மரகதத்துகிட்ட, என்ற சம்சாரத்துகிட்ட, வாராவாரம் போன்ல பேசுவா. நான் சமையக்கட்டுக்குள்ள போனா மரகதம் போன வெச்சுருவா. நான் தண்ணி குடிக்க வந்த மாதிரிக் குடிச்சுப்போட்டு வந்துருவேன். ஒரு நாளைக்கு எத்தன சொம்புதான் தண்ணி குடிக்கறது, சொல்லுங்க.

அந்த ஷூவ வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஒரு மாசம் கழிச்சுத் தூசி தட்டலாம்னு எடுத்தா, உள்ள என்னமோ இருக்குதுங்க. கைய உட்டுப் பாத்தேன். நுனியில பஞ்சு. பஞ்சத் துணியில சுத்தி, நூலு போட்டுத் தச்சு, ஷூவு நுனியில அடைச்சு வெச்சிருக்கறா. ரெண்டு ஷூவுலயும். தேஞ்சு தேஞ்சு கருப்பாயிருச்சு. ரெண்டு வருசமா அதோடதான் ஏறியிருக்கறா. அந்தத் துணி எங்க கடைத்துணி, அந்த டீ சர்ட்டு அடியில வெட்டுனது. நான் அங்கயே ஒக்காந்துட்டேங்க. சத்தம் போட்டு அழுதேன். எங்கப்பன் செத்தப்பக் கூட நான் அப்பிடி அழுகல.

அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. கோவம் ஷூவு மேலதான். பின்ன எதுக்குங்க ஷூவக் கழட்டி என்ற முன்னால வெக்கறா? மரகதத்துகிட்டச் சொன்னேன். "ஷூவுக்காங்க அவ பேசாம இருக்கறா?"ன்னு கேட்டுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு இந்தச் சாமான் வெவரமெல்லாம் புரியறதில்லீங்க.

கடை வேலைய உட்டேன். இங்க வந்து ஓனர் தம்பிகிட்ட, எதுனா ஒரு வேலை குடுங்கன்னு கேட்டேன். ஒவ்வொண்ணாக் கத்துக்கிட்டேன். எந்தக் காலுக்கு எந்த ஷூவு, வெயில்ல பாறை ஏறறதுக்கு என்ன துணி, முட்டி மடங்கறப்ப இழுத்துக் குடுக்கற பேண்டு எது, மோதரம் போட்டா வெரலு என்னாகும், எல்லாம் சொல்வேன். இப்ப எனக்குத் தெரியாத சாமானே கெடையாது. அவ வந்தா, என்னையப் பாத்தா, அப்பா திருந்திட்டாருன்னு தெரியுமில்ல?

வந்தாளுங்க. போன மாசம்.

போட்டிக்கு எட்டுப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்தா. நான் குனிஞ்சு ஷூவு அடுக்கிக்கிட்டு இருக்கறேன், நிமிந்தா நிக்கறா. இப்ப நீங்க ஒக்காந்திருக்கற எடம். எளைச்சிருக்கறா. முடிய வெட்டிக்கிட்டா. சட்டை ஒடம்புக்கு அளவா, அழகா இருந்துச்சுங்க. வா கண்ணுன்னு சொல்லோணும். எப்ப வந்தன்னு கேக்கோணும். மூணு வருசமா மனசுக்குள்ள சொல்லிப் பாத்த வார்த்த. வாயில என்ன வந்துச்சு தெரியுங்களா? "சைஸ் சொல்லுங்க." பெத்த புள்ளையப் போயி, சொல்லுங்கன்னுட்டேன்.

அவ கையில இருந்த சீட்டப் பாத்து எட்டு நம்பரும் சொன்னா. நான் எடுத்து எடுத்து வெச்சேன். அதுல ஒரு பொடிசு, "எங்கம்மா ஒரு சைஸ் பெருசா வாங்கச் சொன்னாங்க மிஸ்"ன்னுச்சு. தாரணி கீழ ஒக்காந்தா. அது காலத் தூக்கி மடியில வெச்சு, கட்டவெரல அமுத்திப் பாத்தா. "வளரப்போற காலுக்கு வாங்கக் கூடாதுடா. இன்னிக்கு இருக்கற காலுக்குத்தான் வாங்கணும்"னு சொன்னா.

நீங்க வந்தப்ப நான் சொன்னேனே, அது என்ற வார்த்த இல்லீங்க. அவ சொன்னது. என்கிட்டச் சொல்லல, அந்தப் புள்ளகிட்டச் சொன்னா. நான் இந்தக் கவுண்டருக்கடியில எதையோ தேடற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டேன். பொறவு அவ செவுத்துப் பக்கம் போனப்ப, அவ ஷூவு மெத்தை ஓரமா இருந்துச்சு. யாரும் பாக்கலைன்னு போயித் திருப்பிப் பாத்தேன். முப்பத்தாறு. படியேறி வர்ற ஊருசனத்துக்கெல்லாம் அளவு சொன்னவன், என்ற புள்ள காலு முப்பத்தாறுன்னு திருட்டுத்தனமாப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

இதோ, இந்தப் பெட்டி. புதுசு. முப்பத்தாறு. அடுத்த போட்டிக்கு வருவா, அப்பக் குடுக்கோணும். அளவாக் குடுத்துட்டாக் கோவம் போயிருமில்லீங்க?

என்னுங்க? அன்னிக்கு அவகிட்ட என்ன சொன்னேன்னா?

அதுங்களா. கோவத்துல வந்ததுங்க. எந்த அப்பன் சொல்லாதது? "இப்பிடி வந்து நிக்கறதுக்கு, நீ அங்கயே உழுந்து செத்திருக்கலாம்"னு சொன்னேன். வாய்தானே சொல்லுச்சு, மனசா சொல்லுச்சு? அதயெல்லாம் அவ மறந்திருப்பா. சின்னதுல இருந்தே எதையும் மனசுல வெச்சுக்க மாட்டாங்க அவ. மறந்திருப்பால்ல? சொல்லுங்க அம்மணி, நீங்களும் ஒரு பொம்பள, உங்களுக்குத் தெரியும். அது ஷூவு மேல உள்ள கோவந்தானுங்களே?

ஏனுங்க மூஞ்சிய அக்கட்டால திருப்பிக்கிட்டீங்க?

அட, அங்க பாருங்க! உங்க புள்ள மேல போயி நிக்கறா! மொத நாளே உச்சிக்குப் போயிட்டா. அம்மான்னு கூப்பிடறா பாருங்க, காது கேக்கலையா? எந்திரிங்க. சட்டை ஏறினா ஏறிட்டுப் போகுது, அத ஏன் பாக்கறீங்க? ஒண்ணும் சொல்லாதீங்க அம்மணி, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. கையக் காட்டுங்க. மொதல்ல கையத் தூக்கிக் காட்டுங்க.